மோப்பம் போன ஃபமாவு மாமா

“மாமா, இந்த மீன் கெட்டுப்போச்சு,” என்றேன்.

“இங்கிலீஷ் படிச்ச மூக்குக்கு எல்லாமே நாறும்டி!” என்று சிரித்தார் பக்கத்து வீட்டு ஃபமாவு மாமா.

“நீங்களே மோந்து பாருங்க.”

குனிந்தார். சிரிப்பு நின்றது. “காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணுமே தெரியலம்மா. டாக்டரும் கைய விரிச்சிட்டார்.”

கென்யாவின் மொம்பாசா பழைய நகரில் நல்ல சாப்பாட்டு வீடுகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்துகளில் வரும் வாசனையை வைத்தே அன்றைக்கு எந்த வாசலில் நுழைவது என்று முடிவெடுப்பார் மாமா. வெளியூர்க்காரர்களை அப்படி அழைத்துப்போவதுதான் அவர் பிழைப்பு. அன்று இந்த மொட்டைமாடி பஃபேக்கு அவர் அழைத்துவந்த ஆறு பேரிடம் ஆங்கிலம் பேச என்னையும் கூட்டி வந்திருந்தார். தட்டோடு நின்றவர்களை நான் தடுத்தேன். மாமா என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

“நாளையிலேருந்து தினமும் வர்றியா? நல்ல வாசனை வந்தா என் சட்டைய இழு. யாருக்கும் தெரியவேணாம்.”