பழைய இரும்பு

முழங்காலுக்குத் தேய்க்க அடுப்பில் வைத்த விளக்கெண்ணெயை மறந்துவிட்டேன். புகை எழும்பியதும் கல்கத்தா அலிப்பூரில் அப்பாவின் வங்காளி நண்பர் மித்ரா காக்குவின் பந்தயக் கார் காதுக்குள் உறுமியது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. அதன் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். ஞாயிறுதோறும் காக்குவோடு சேர்ந்து அதைத் துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் இதே வாடையோடு அப்பா வருவார்.

காக்கு இறந்ததும் அவர் மகன் வண்டியை வெளிநாட்டுக்காரனுக்கு விற்றான். பழைய கார்களைக் கப்பலேற்ற அப்போது தடை. கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகக் கையெழுத்துப் போடவேண்டியவர் அப்பா. 'பழைய இரும்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

"ஓடற வண்டிய ஏம்ப்பா அப்படி எழுதினே?" என்று கேட்டேன்.

"இங்க கெடந்தா அப்படித்தான்டி ஆயிருக்கும்."

அடுத்த வாரம் காக்குவின் மகன் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் அனுப்பினான். அதில் வைத்த தண்ணீரை அப்பா சாகும்வரை குடிக்கவில்லை.