ஊரில் முடிந்த வழக்கு

ஊர் பேசி முடித்த வழக்குக்கு ஜட்ஜ் எதற்கு என்று வக்கீலிடம் சண்டை பிடித்தவன் நான். காரைக்கால்மேட்டில் ஐஸ் இறக்க வந்த மினி லாரி, பின்னால் எடுக்கும்போது என் ஒன்பது வயது மகளின் முழங்காலில் ஏறிவிட்டது. வண்டி என் மனைவியின் தம்பியுடையது. இன்ஷூரன்ஸ் கட்டாமல் விட்டிருந்தான். ஆத்திரத்தில் மகளுக்காக அவன்மேல் வழக்குப் போட்டேன்.

பஞ்சாயத்தார் எங்கள் இருவரையும் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஒரே கடலில் தொழில் செய்கிற மாமனும் மச்சானும் கோர்ட் படியேறுவதா என்றார்கள். அவன் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டான், நானும் தலையாட்டினேன். ஊர் முன்னால் சொன்ன சொல்லை எங்கள் பக்கம் யாரும் மாற்றுவதில்லை. இனிமேல் எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதிய தாளில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

"கோர்ட்டு ஒத்துக்கணுங்க. பாதிக்கப்பட்டது மைனர் புள்ள. ஜட்ஜம்மா நேர்ல பாக்கணும்ங்கறாங்க" என்றார் வக்கீல்.

"பெத்தவன் நானே ஒத்துக்கிட்டேன். அப்புறம் என்னங்க?"

"பெத்தவங்களையும் அவங்க நம்ப மாட்டாங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சின்னப்பிள்ளையிடம் ஜட்ஜ் அப்படி என்னதான் கேட்பார் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. மகளுக்கு அதைவிட ஆசை. ஷேர் ஆட்டோவில் போகும்போது, சினிமாவில் வருகிற மாதிரி சுத்தியல் வைத்திருப்பார்களா என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள்.

சுத்தியலைக் காணோம். ஜட்ஜம்மா அவளைக் கதவுவரை நடந்துவிட்டு வரச் சொன்னார். தாங்கித் தாங்கி நடந்தாள்.

"பாப்பா, எங்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?"

சுத்தியலைத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் வளந்தா இந்தக் காலும் கூட வளருமா?"

அடக்கடவுளே! ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார். "டாக்டர் என்ன சொன்னாருங்க?"

எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குமேல் நான் எதையும் கேட்டதில்லை. "ஊர்ல பேசி முடிச்சிட்டோம்மா" என்று முனகினேன்.

"ஊருக்கு வாக்குக் குடுத்தது நீங்க. இந்தப் புள்ள குடுக்கலியே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு வளர்கிற இடத்திலேயே அடி பட்டிருந்தது. அந்தக் கால் குட்டையாகலாம், சில வருஷத்தில் ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றார். எக்ஸ்ரேயோடு மறுபடி கோயில் வாசலுக்குப் போனேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவனாக ஊர் முன்னால் நிற்க உடம்பெல்லாம் கூசியது. யாரும் வாய் திறப்பதற்குள் மச்சான் எழுந்தான். "ஆபரேஷன் செலவையும் எழுதிக்குங்க. என் அக்கா புள்ள அது" என்றான். பஞ்சாயத்தார் அதையும் சேர்த்து எழுத வைத்தார்கள்.

புதிய தாளைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. பணம் அவள் பேரில் பாங்கில் இருக்கிறது. வைத்தியத்துக்கு எடுக்க வேண்டுமானாலும் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். என்னை நம்பாதது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

புதிய தாளை ஏற்றுக்கொண்ட அன்று கோர்ட்டிலிருந்து திரும்பி வரும்போது, இத்தனை நாள் மனதை அரித்துக்கொண்டிருந்ததை அவளிடம் கேட்டேன். "கால் வளருமான்னு எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீதான் கையெழுத்துப் போட்டுட்டியேப்பா."