அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன்

ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவள் நான். அறியாமல் அல்ல... தெரிந்தே கெடுத்தேன்!

குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டி ஒரு சிறிய அறக்கட்டளைப் பள்ளி. அதன் தலைமையாசிரியை நான். என்னை நல்லவள் என்கிறார்கள். நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவள் பெயர் சுக்மணி. பெற்றோர் ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். வந்து சேர்ந்தபோது ஒரு சொல் தமிழ் தெரியாது. இரண்டே வருடத்தில், "ஏனுங்க டீச்சர், இன்னைக்கு டெஸ்ட் இல்லீங்களா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தாள்.

கோவையிலிருந்து நன்கொடையாளர்கள் வரும்போதெல்லாம் அவளைத்தான் முன்வரிசையில் நிறுத்துவேன். "பாருங்கள், படுகர் வீட்டுப் பிள்ளை, சிலோனிலிருந்து திரும்பியவர்களின் பேத்தி, ஜார்கண்ட் பிள்ளை... எல்லோரும் ஒரே பெஞ்சில்!" என்பேன். அவள் தன் மொழியில் ஒரு பாட்டுப் பாடுவாள். அவர்கள் கண் கலங்குவார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் படத்துக்காக மட்டும் பணம் தருகிறவர்கள் அல்லர் அவர்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேற வேண்டும். ஒரு பிள்ளை தவறினாலும் உதவி தொடராது என்று நிர்வாகம் என்னிடம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு முழுத்தேர்வில் சுக்மணி கணக்கில் தவறினாள்.

கணக்கு டீச்சர் மகேஸ்வரி என் அறைக்கு ஓடி வந்தாள். "மேடம், அவள எங்கிட்ட உட்டுருங்க. சாயங்காலம் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தா தேறிருவாளுங்க. அவளுக்குக் கணக்குத் தெரியும். கேள்வி புரியறதுலதான் தடுமாறுறா."

"பத்தாவதுல தேறலைன்னா? உங்களுக்கும் எனக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்?"

மகேஸ்வரி விடைத்தாளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! அந்தப் பெண்ணின் விடைத்தாளை நானும்தானே பார்த்தேன்...

மறுநாள் அவளுடைய அப்பாவை வரச் சொன்னேன். ஃபாக்டரி வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர் மொழி தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றவள் சுக்மணி.

வேறு யாரையாவது அழைத்திருக்கலாம் அல்லவா? தோட்டத்தில் இரு மொழியும் தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள்? எனக்கு அவசரம். அந்தக் காரியம் சீக்கிரம் முடிய வேண்டும்.

"அப்பாகிட்ட சொல்லு... உனக்குப் படிப்பு வரலைன்னு சொல்லு. டி.சி. வாங்கிட்டு, பத்தாவது தனியா எழுதிக்கலாம்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. பாடம் ஒப்பிப்பதைப் போலவே சொன்னாள். அவர் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறார்?"

"அடுத்த வருசம் திரும்பச் சேத்துக்குவீங்களான்னு கேக்கறாருங்க டீச்சர்."

"பாக்கலாம்னு சொல்லு."

அதையும் சொன்னாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நன்றி சொன்னார்... எனக்கு!

அடுத்த வருடப் பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் பள்ளியில் எழுதிய அத்தனை பேரும் தேறினார்கள். உதவி தொடர்ந்தது. புதிதாக ஓர் ஆய்வுக்கூடமும் வந்தது. மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கீழே உட்கார்ந்திருந்த மகேஸ்வரி கைதட்டவில்லை. நான் கவனித்தேன்.

சுக்மணி தனியாகத் தேர்வு எழுதினாளா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காமலே தெரிந்தது. தேயிலைக் காட்டில், இடுப்பில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்களோடு அவளைப் பார்த்தேன். பேருந்து ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் பிழைத்தால்தானே மற்றப் பிள்ளைகள் படிக்க முடியும் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் அல்ல. ஆனாலும்... ஏன் அவள்? வந்து சண்டை போட ஆளில்லாத வீடு என்பதால்தானே?

இந்த ஜூன் மாதம் அவளே வந்தாள். தங்கையின் கையைப் பிடித்திருந்தாள்.

"இவள ஆறாவதுல சேத்துக்குங்க டீச்சர். இவ என்னைய மாதிரி இல்லீங்க. நல்லாப் படிப்பா."

அவள் குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை! தனக்குப் படிப்பு வராது என்று அவள் நம்பிவிட்டாள். நான் சொல்லி, தன் வாயாலேயே அப்பாவிடம் சொல்லி, நம்பிவிட்டாள்.

'நீயும் நன்றாகப் படித்தவள்தான். நான்தான் பொய் சொன்னேன்...' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வா" என்றேன்.

வேலைக்குப் போகும் வழியில் தங்கையைத் தினமும் அவளே கொண்டுவந்து விடுகிறாள். கேட்டருகே என்னைக் கண்டால் நின்று, "வணக்கமுங்க டீச்சர்" என்கிறாள்.

இன்று காலையும் சொன்னாள். இன்று காலையும் நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.