செங்கல்லில் தட்டிப் படித்த ஸ்பானிஷ்

தண்ணீரில் ஊறிய செங்கல்லைக் கொத்தனார் கரண்டியால் உடைக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? லேசாக இரண்டு தட்டு, பிறகு சரியான இடத்தில் ஓங்கி ஒன்று, கல் இரண்டாகும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஸ்பானிஷ் வினைச்சொற்களை அசை பிரிக்கக் கற்றது அந்தச் சத்தத்தில்தான். சிரிக்காதீர்கள். இன்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் என் கடைக் கம்பியும் சிமெண்டும் போகாத தெரு இல்லை. அதைவிட எனக்கு இந்தப் படிப்புதான் பெருமை.

வானூர்ப் பக்கம் ஒரு ஸ்பெயின்காரக் குடும்பத்துக்குக் கொத்தனாரான அப்பா வீடு கட்டினார். அங்கே 'சித்தாள்' வேலைக்குப் போன என் அக்கா செல்வி, அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிவிட்டாள். ஊர் திரும்பும்போது அவளையும் அழைத்துப்போக நினைத்த அந்த அம்மாள், பேச்சுப் பழக வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். 'கான்-தோ' என்பதில் முன்னசையை அழுத்தினால் 'பாடுகிறேன்', பின்னசையை அழுத்தினால் 'பாடினாள்'. நம் நாக்குக்கு அந்த வழக்கம் ஏது? அக்கா எல்லா அசையையும் ஓங்கியே சொன்னாள்.

"எல்லாத்தையும் ஓங்கி அடிச்சா கல்லு தூளாப் பூடும் கண்ணு" என்றார் அப்பா.

அதன்பிறகு நான் செங்கல்லில் தட்டுவேன், அவள் சொல்வாள். அவளுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் ஏறும்போது, "போல்-பே-ரே" என்றாள், கடைசி அசையைச் சரியாக அழுத்தி.

"இன்னா கண்ணு, திட்டறியா?"

"திரும்பி வருவேன்னு சொல்றேம்பா. அழுவாத, ஜல்தியா வந்துடுவேன்."

ஸ்பெயினிலேயே அவளுக்குக் கல்யாணமாயிற்று. அப்பா காலமானபோதும் வர முடியவில்லை. போனில், "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்டா தம்பி" என்பாள். அவளுக்கென்றே மாடியில் ஏசி வைத்து ஓர் அறை கட்டினேன்.

வானூரில் அப்பா கட்டிய வீடு இப்போது இல்லை. கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் அங்கே நிற்கின்றன. போன மாதம் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள் மகன். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவன். அழுதுகொண்டே மளமளவென்று பேசினான். அந்த வேகத்தில் ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பிடித்தேன். 'மு-ரியோ'. அழுத்தம் கடைசியில். இறந்துவிட்டாள்.

"அண்ணி இன்னா சொல்றாங்க? இந்த வருஷமாவது வராங்களாமா?" என்றாள் என் மனைவி.

எந்த லாரிக்காரனையும் பேசியே மடக்குகிறவன் நான். "டவர் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினேன். அக்கா இல்லை என்பது அன்று சாயங்காலம் வரை இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.