படகு அல்ல, பாதை

போன செவ்வாய்க்கிழமை, தபால் கந்தோருக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

'படகு அக்கரையில் நிக்குதே – என்
பாதி உசிர் இக்கரையில் போகுதே...'

யாரோ புதிய பாடகர். நல்ல குரல்தான். முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "இது ஒரு நாட்டார் பாடல். இயற்றியவர் யாரென்று தெரியாது."

தேநீரை அப்படியே கீழே வைத்தேன். இயற்றியவர் கிண்ணியாவில் உயிரோடு இருக்கிறார். காசிம் நானா. இருபத்தைந்து வருடமாகக் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய், தானே கட்டிய பாட்டுகளைப் பாடுகிறார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். பெயரைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று... அவர் கட்டியது 'படகு' அல்ல, 'பாதை'. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோடு மட்டுமல்ல. பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். கொழும்பில் இது யாருக்குப் புரியும்? அந்தக் காலத்தில் வானொலித் தேர்வுக்காகப் பாட்டை நல்ல தாளில் எழுதிக் கொடுத்த ஒரு கெட்டிக்கார வாத்தி, அவரைக் கேட்காமலே 'படகு' என்று திருத்திவிட்டான்.

அந்தக் கெட்டிக்காரன் நான்தான்.

தேர்வில் நானா 'பாதை' என்றே பாடினார். தாளில் 'படகு'. சொந்தப் பாட்டென்றால் சொல் மாறுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாள் மட்டும், பெயர் எதுவும் இல்லாமல், அங்கேயே தங்கிவிட்டது. இத்தனை வருடமும் அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. பயம்... வேறென்ன?

அன்று பின்னேரமே துறையைக் கடந்து போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மாஸ்டர்," என்றார் நானா. "அந்தத் தாளைக் காட்டித்தானே கேட்டவங்க. உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

வெட்கமாக இருந்தது. "நான் பத்திரிகையில எழுதுறன் நானா. உங்கட பேரைச் சொல்ல வைக்கிறன்."

"பேர் கிடக்கட்டும். அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லுங்க." துறைப் பக்கம் கையை நீட்டினார். "பிள்ளை நோவோட பொஞ்சாதிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துறைக்கு வந்தனான். பாதை அக்கரையில நிண்டது. அது இஞ்சால வந்து சேர முந்தி அவ மவுத்தாயிட்டா. ஒரு படகாவது கிடைச்சிருந்தா, நான் ஏன் மாஸ்டர் பாட்டுக் கட்டுறன்?"

வானொலிக்காரர்களே, இயற்றியவர் கிண்ணியா காசிம். சொல் 'பாதை'. பிழை என்னுடையது.