குமரன் ஓட்டாத கப்பல்

அந்தப் பழைய கொம்பியூட்டரைப் போட்டவுடன் பின்பக்கத்தால் சூடான தூசி மணம் ஒன்று வரும்... சாமியறையில் அம்மா கொளுத்திய கற்பூர மணமும் அதோடு சேரும். வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு முன்னறை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த மணம்தான்.

இரண்டு நாளாக அது மூக்கை விட்டுப் போகவில்லை. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில்!

சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களிடம் ஒரு கேம் இருந்தது. அண்ணன், தம்பி இரண்டு பேர். ஒரு பாய்க்கப்பல். தீவு தீவாகப் போய், அங்கே நிற்கிற பூதங்களோடு சண்டை பிடித்து, சாமான் சேர்த்து, கப்பலைப் பெரிதாக்கிக்கொண்டு அடுத்த தீவுக்குப் போக வேண்டும். தனியே விளையாட முடியாது. அண்ணன் சுக்கான் பிடிப்பான், தம்பி பாயை ஏற்றி இறக்குவான். ஒரே கீபோட்டில் இரண்டு பேரும் தோள் இடிபட இருந்து விளையாட வேண்டும்.

அண்ணன் என்றால் என் அண்ணை, சுகந்தன். தம்பி... நான்.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் அப்பாவின் வள்ளத்தில் ஏறக்கூடாது. கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் திரையில் ஓடிய அந்தக் கப்பல் எனக்குச் சும்மா விளையாட்டாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து, சட்டையும் மாற்றாமல் ஓடிப்போய்க் கதிரையில் ஏறுவேன். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, பாயை எப்போது இறக்க வேண்டும், எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அண்ணைக்குப் பொறுமையே கிடையாது. நேரே பாறைக்கு விடுவார். நான்தான் பாயை இறக்கிக் கப்பலைக் காப்பாற்றுவேன்.

தீவுகளின் இங்கிலிஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது, எங்கள் பக்கத்துக் கடலில் இருக்கிற தீவுகளின் பெயர்களையே வைத்தோம். குதிரை நின்ற தீவு எங்களுக்கு நெடுந்தீவு. கோயில் இருந்தது நயினாதீவு. பெரிய பூதம் நின்ற தீவுக்கு எங்கள் கணக்கு ரீச்சரின் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன், அவர் இதை வாசிப்பார்.

தொடங்கும்போதே பெயர் கேட்கும். கப்பலுக்கு ஒன்று, ஆட்களுக்கு இரண்டு. எங்கள் ஊரில் வள்ளங்களுக்கு அம்மன் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் கப்பலுக்கு 'முத்துமாரி' என்று போட்டோம். பிறகு அண்ணை தன் பெயரைப் போட்டார். நான் என் பெயரை அடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எடியே, உவன் தம்பியெல்லே! தர்சினி எண்டு ஆராவது தம்பிக்குப் பேர் வைப்பினமே?"

"கப்பலுக்கு மட்டும் பொம்பிளைப் பேர் வைக்கலாமோ?"

"கப்பல் வேறை, ஓட்டுற ஆள் வேறை. சும்மா கத்தாதை."

அடித்தார் ஒரு பெயர். குமரன்! பக்கத்து வளவில் இருந்த அவருடைய கூட்டாளி. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா கொடுக்கிற பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, கட்டிலில் சாய்ந்திருந்து கிரிக்கெட் கதைப்பான். ஒரு நாளாவது கீபோட்டைத் தொட்டவன் இல்லை.

அவன் பெயரில்தான் நான் எல்லாத் தீவுக்கும் போனேன். கடைசித் தீவும் முடிந்து, திரையில் 'சுகந்தன், குமரன்' என்று பெரிதாக வந்தபோது அண்ணை துள்ளிக் குதித்து ஃபோனால் படம் எடுத்தார். விசரி, புத்தியில்லாமல் நானும் கூடச் சேர்ந்து துள்ளினேன்.

முந்தநாள் அந்தப் படத்தை லண்டனிலிருந்து அண்ணை தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார். "நானும் குமரனும் கடலை ஆண்ட காலம்" என்று மேலே எழுத்து வேறு. கீழே கனடாவிலிருந்து குமரன்: "மறக்கேலுமே மச்சான்!"

எதை மறக்க முடியாது? பிளேன்ரீயையா?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உடனே அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, உந்தக் குமரன் எப்ப விளையாடினவன்?"

சிரிக்கிறார். "எடியே, எனக்கு மறந்தே போச்சு. படத்திலை அவன்ரை பேர்தானே கிடக்குது!"

"அதைப் போட்டது ஆர்?"

"சரி சரி, உதுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறியே? நீயும் பக்கத்திலை இருந்து பாத்தனி எண்டு கீழை எழுதிவிடுறன்."

பார்த்தேனாம்... நான் பார்த்தேனாம்! ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. "ஒரு கேம்தானேயப்பா, விடும்" என்றார் என் கணவர். அவருக்கும் விழுந்தது பேச்சு.

கேம்தான். ஆனால் என் வாழ்க்கையில் நான் ஏறிய ஒரே கப்பல் அது. அதிலும் நான் இல்லையென்றால் எப்படி?

இப்போது அந்தக் கேமின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. ஆளாளுக்கு ஒவ்வொரு நாட்டில் இருந்துகொண்டே விளையாடலாம். தம்பிக்குப் பதிலாகத் தங்கச்சியையும் எடுக்கலாமாம். அந்த நாளில் எங்களுக்கு ஒரே கதிரை, ஒரே கீபோட், கரண்ட் போனால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டு... இன்றைக்கு உடுப்பிட்டியில் என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. இடிபட அண்ணை பக்கத்தில் இல்லை. கோபத்துக்குள்ளும் அது எனக்குக் கவலைதான்.

நேற்றுப் பின்னேரம் அண்ணையும் குமரனும் அந்தப் புதிய பதிப்பை விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே குமரன் பாயை இறக்கத் தெரியாமல் கப்பலைப் பாறையில் ஏற்றிவிட்டானாம். உடனே என் ஃபோனுக்கு வருகிறது அண்ணையின் குரல்பதிவு:

"பிள்ளை, உவனோடை சரிவராது. நீ வா. வந்து பாயைப் பிடி."

'பிள்ளை' என்றதும் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. பொய் சொல்லக்கூடாது. கேமைத் திறந்து பார்த்தேன். கப்பல் துறையில் நிற்கிறது. சுக்கானடியில் அண்ணை. பாயடியில் ஆளில்லை.

நான் ஏறவில்லை. பதில் மட்டும் அனுப்பினேன்.

"அண்ணை, முதல் அந்தப் படத்துக்குக் கீழை என்ரை பேரைப் போடுங்கோ. பாத்தவள் எண்டு இல்லை, ஓட்டினவள் எண்டு. பிறகு வாறன்."

இதை எழுதும்வரை அவர் போடவில்லை. கப்பல் இன்னும் துறையில்தான் நிற்கிறது.

நிற்கட்டும்!