யாரு மக?

கூட்டத்தில் கொடுத்த டீயில் ஏலக்காய் மணத்தது. ஆளாளுக்கு எழுந்து ஆங்கிலத்தில் தங்களை அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள். என் முறை வருவதற்குள் நான் போடிமெட்டுக்கு மேலே ஆத்தா வேலை பார்த்த ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்த புது மானேஜர் எங்களை ஒவ்வொருவராக ஆங்கிலத்தில் யாரென்று கேட்டார். பெயரும் வகுப்பும் சொல்ல வாத்தியார் பழக்கியிருந்தார். ஆனால் மலையில் வெறும் பெயர் செல்லாது. ஜீப்பில் ஏறினாலே "நீ யாரு மக?" என்றுதான் கேட்பார்கள். நான் சத்தமாகச் சொன்னேன்: "ஐ ஆம் பேச்சியம்மா டாட்டர். மை நேம் இஸ் செல்வி."

பச்சை ஏலக்காய் மூட்டையைச் சுமந்து அந்த வழியே போன ஆத்தா, இங்கிலீஷுக்கு நடுவே தன் பெயரைக் கேட்டுப் பதறி வந்தாள்.

"எம்பேர எதுக்குடி இழுத்த? என்ன தப்புப் பண்ணுன?"

"நான் யாருன்னு கேட்டாக ஆத்தா. சொன்னேன்."

"வணக்கம், பேச்சியம்மா" என்று மானேஜர் கைகூப்பினார். தலையில் மூட்டை இருந்ததால் ஆத்தாவால் குனிந்து கும்பிட முடியவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.

"மேடம், நீங்க?" என்றார் கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவர்.

எழுந்தேன். "ஐ ஆம் பேச்சியம்மா'ஸ் டாட்டர்" என்று தொடங்கினேன். பதவியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.